ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் நிலம், கேட்டை மூடிட்டாங்க, பாதைக்கு என்ன வழி?

தம்பி கேட்டதை மத்தவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்துல அப்பா பேர்ல நாலு மா நிலம், ரயில் லைனுக்கு அந்தாண்ட. மீட்டர் கேஜ் காலத்துலேந்து ஆளில்லாத கேட் வழியாத்தான் மாட்டு வண்டி, டிராக்டர் எல்லாம் போயிட்டு வந்துருக்கு. அகலப் பாதை (பிராட் கேஜ்) போட்டப்புறம் கேட்டை மூடி முக்கால் கிலோமீட்டர் தள்ளி சப்வே கட்டிட்டாங்க. சப்வேயிலேந்து இவங்க நிலத்துக்கு வரணும்னா நடுவுல மூணு பேர் வயல், அதுல கடைசி ஆள் வேலி போட்டு அடைச்சுட்டார். ரயில்வே மேல கேஸ் போட்டு கேட்டை திறக்க வைக்க முடியுமா, அறுபது வருஷமா போன பாதை ஈஸ்மெண்ட் உரிமை, அதாவது அடுத்தவர் நிலத்து வழியா போற பாத்தியம் ஆகாதா, வேலி போட்டவர் மேல கேஸ் போடலாமா, ரயில்வே இடத்துல லைன் ஓரமா போகலாமா, இதுதான் கேள்வி.

நேராவே சொல்லிடறேன், அந்த கேட் திரும்ப திறக்காது. அதை திறக்க வைக்கணும்னு காசும் வருஷமும் செலவு பண்ணாதீங்க. உங்களுக்கு வழியே இல்லன்னு சொல்லல, வழி இருக்கு, ஆனா அது தண்டவாளத்துக்கு குறுக்க இல்ல, நிலம் இருக்கற பக்கத்துலயே இருக்கு, இன்னொரு பாதி கேட்டை மூடினப்ப போட்ட பேப்பர்ல இருக்கு. ரெண்டையும் விளக்கமா சொல்றேன்.

கேட் ஏன் திறக்காதுன்னா, பிராட் கேஜ்ல இருந்த ஆளில்லா லெவல் கிராசிங் எல்லாத்தையும் 2019 ஜனவரி 31க்குள்ள நாடு முழுக்க எடுத்துட்டாங்க, ஆள் இருக்கற கேட்டையே இப்ப ஒவ்வொண்ணா சப்வே, மேம்பாலம்னு மாத்திட்டு வர்றாங்க. உங்க லைன்லயே 2019 ஜூன்ல திருவாரூர் காரைக்குடி வண்டி விட்டப்ப என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும், கேட்டுக்கு ஆள் போடாம வண்டியிலயே கேட் கீப்பரை ஏத்திட்டு வந்து, ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னாடி நிறுத்தி, அவர் இறங்கி கேட்டை சாத்தி, வண்டி தாண்டினதும் திறந்து விட்டுட்டு மறுபடி ஏறுவார், அதனால வண்டி ஊர் போய்ச் சேர அரை நாள் ஆச்சு. அப்படி ஒரு நிலைமையை பார்த்தவங்க புதுசா ஒரு கேட்டுக்கு ஒத்துக்கவே மாட்டாங்க. 2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் செம்மங்குப்பம் கேட்ல ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி மூணு பிள்ளைங்க செத்துப்போச்சு, அது ஆள் இருந்த கேட். அதுக்கப்புறம் எந்த அதிகாரியும் லெவல் கிராசிங்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து போடத் தயங்கத்தான் செய்வார், அதை தப்புன்னு என்னால சொல்ல முடியல.

அடுத்து அறுபது வருஷ கணக்கு. நிறைய பேர் இதை நம்பித்தான் வக்கீல்கிட்ட போறாங்க. 1882ஆம் வருஷ ஈஸ்மெண்ட் சட்டம் 15வது பிரிவு, தனியார் நிலம்னா 20 வருஷம், அரசாங்க நிலம்னா 30 வருஷம் தடையில்லாம, உரிமைன்னு சொல்லி பயன்படுத்தியிருந்தா பாதை பாத்தியம் வரும்னு சொல்லுது. கேக்க நல்லா இருக்கு. ஆனா ரயில்வே நிலத்துல இது நிக்கறது ரொம்ப கஷ்டம். லைன் போட நிலத்தை ஆர்ஜிதம் பண்ணும்போதே எல்லா வில்லங்கமும் நீங்கித்தான் அரசாங்கத்துக்கு போகுது, அதுக்கு முன்னாடி இருந்த நடை பாத்தியமும் அதோட போச்சு. அதுக்கப்புறம் கேட் வழியா போனது ரயில்வே வச்சுக் கொடுத்த வசதியில போனது, கேட் இல்லாத இடத்துல தண்டவாளத்தை தாண்டினது ரயில்வே சட்டம் 147வது பிரிவுல குற்றம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். குற்றமா இருக்கற ஒரு காரியத்தை முப்பது வருஷம் செஞ்சேன், அதனால எனக்கு உரிமைன்னு கோர்ட்ல நின்னு சொல்றது எவ்ளோ தூரம் எடுபடும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ரயில்வே விஷயத்துல பார்க்க வேண்டியது ஈஸ்மெண்ட் சட்டம் இல்ல, 1989 ரயில்வே சட்டத்தோட 16, 17 பிரிவுகள். 16 என்ன சொல்லுதுன்னா, லைன் போட்டதால பக்கத்து நிலத்தோட பயன்பாடு தடைபட்டுச்சுன்னா அதை சரிபண்ண கிராசிங், பாலம், மதகு, வழி எல்லாம் ரயில்வே தன் செலவுல கட்டித் தரணும், எது தேவைன்னு முடிவு பண்றது ரயில்வே இல்ல, மாநில அரசு. இதை நல்லா கவனிங்க. படிச்ச உடனே சந்தோஷமா இருக்கும், ஆனா கூடவே ரெண்டு பூட்டு போட்டுருக்கு. ஒண்ணு, வழி வேண்டாம்னு ஒத்துக்கிட்டு அதுக்கு பதிலா அப்பவே நஷ்ட ஈடு வாங்கியிருந்தா திரும்ப கேக்க முடியாது. இன்னொண்ணு, அந்த நிலத்து வழியா லைன் முதல்முதலா பொதுப் போக்குவரத்துக்கு திறந்து பத்து வருஷம் ஆயிட்டா புதுசா எதையும் செஞ்சு தர்ற கடமை ரயில்வேக்கு கிடையாது. உங்க லைன் தஞ்சாவூர் டிஸ்ட்ரிக்ட் போர்டு 1894ல மாயவரத்துலேந்து முத்துப்பேட்டைக்கு போட்டது. பத்து வருஷம் உங்க தாத்தாவோட அப்பா காலத்துலயே முடிஞ்சுபோச்சு. கேஜ் மாத்தி 2019ல திறந்ததை புது லைனா எடுத்துக்கணும்னு வாதாடலாம்தான், ஆனா சட்டத்துல ‘முதல்முதலா’ன்னு தெளிவா இருக்கறதால அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி கேஸ் போடாதீங்க.

17வது பிரிவுக்கு கால வரம்பு கிடையாது. இருக்கற வசதி போதலைன்னா நிலத்துக்காரர், இல்ல உள்ளாட்சி, இல்ல மாநில அரசு எப்ப வேணா கூடுதலா கேக்கலாம், ஆனா கேக்கறவங்கதான் கட்டற செலவையும் பராமரிப்பு செலவையும் ஏத்துக்கணும், ரயில்வேயும் சம்மதிக்கணும். ஒத்து வரலைன்னா மத்திய அரசுக்கு போகும், அங்க சொல்றதுதான் இறுதி. தண்டவாளத்துக்கு அடியில ஒரு சப்வேன்னா கோடிக்கணக்குல எஸ்டிமேட் வரும், அதை டெபாசிட்டா முன்னாடியே கட்டச் சொல்வாங்க, நாலு மாவுக்கு யாராலயும் முடியாது. அதனால தனி ஆளா கேக்காதீங்க. அந்தப் பக்கம் நிலம் இருக்கற எல்லாரும் சேர்ந்து கிராம சபையில தீர்மானம் போட்டு, பஞ்சாயத்து பேர்ல கலெக்டர் வழியா போகணும், எம்எல்ஏ, எம்பி தொகுதி நிதியெல்லாம் கேக்கறதுன்னாலும் இந்த ரூட்லதான். இது மெதுவா நடக்கும், அதனால இதை ஒரு பக்கம் ஓட விட்டுட்டு மத்த வேலையை பாருங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஒரு கேட்டை ரயில்வே தன் இஷ்டத்துக்கு மூடறதில்ல, மாவட்ட நிர்வாகத்தோட சம்மதக் கடிதம் வாங்கித்தான் மூடறாங்க. அந்த என்ஓசியில பல நேரம் நிபந்தனை போட்டுருப்பாங்க, சப்வே கட்டணும், மூடின கேட்லேந்து சப்வே வரைக்கும் லைன் ஓரமா இணைப்பு ரோடு போடணும், தண்ணி தேங்காம பார்த்துக்கணும்னு. சப்வேக்கு ஜிஏடின்னு ஒரு வரைபடம் உண்டு, அதுல ரெண்டு பக்கமும் ரோடு எங்க போய்ச் சேருதுன்னு கோடு போட்டுக் காட்டியிருப்பாங்க. நடைமுறையில என்ன ஆகுதுன்னா சப்வே கட்டறாங்க, ஊர் இருக்கற பக்கம் ரோடு போடறாங்க, வயல் இருக்கற பக்கம் பத்தடி கான்கிரீட்டோட நிறுத்திடறாங்க. உங்க ஊர்லயும் அப்படித்தான் நடந்துருக்கும்னு நீங்க எழுதினதை வச்சே தோணுது. அதனால முதல் வேலை ஆர்டிஐ. திருச்சி கோட்ட ரயில்வே பொது தகவல் அலுவலருக்கு ஒண்ணு, கலெக்டர் ஆபீஸுக்கு ஒண்ணு. கேட் நம்பரும் கிலோமீட்டரும் போட்டு, கேட்டை மூட கொடுத்த சம்மதக் கடிதம், அதுக்காக நடந்த கூட்டுப் புலத்தணிக்கை அறிக்கை, சப்வேயோட ஜிஏடி, அந்த இடத்து ரயில்வே லேண்ட் பிளான், இது நாலோட நகலும் கேளுங்க. ஏன் மூடினீங்கன்னு கேள்வி கேக்காதீங்க, நகல் மட்டும் கேளுங்க, கேள்வி கேட்டா மழுப்பலாத்தான் பதில் வரும்.

அந்த பேப்பர்ல இணைப்பு ரோடுன்னு ஒரு வரி இருந்து அது போடப்படலைன்னா உங்க கேஸோட எடையே மாறிடுது. கேட்டை திறன்னு கேக்கறவங்களா இல்லாம, நீங்களே ஒத்துக்கிட்டு எழுதின ரோடை போடுங்கன்னு கேக்கறவங்களா ஆயிடறீங்க. அதுக்கு மனு கொடுத்து, பதில் இல்லன்னா ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம், உங்க மாவட்டத்துக்கு சென்னை பெஞ்ச், புதுக்கோட்டை பக்கம்னா மதுரை கிளை. இந்த மாதிரி மனுவுல கோர்ட் பெரும்பாலும் இத்தனை வாரத்துக்குள்ள மனுவை பரிசீலிச்சு முடிவெடுங்கன்னுதான் உத்தரவு போடும், அதை சின்னதா நினைக்காதீங்க, அந்த உத்தரவோட போகும்போது தாலுகா ஆபீஸ்ல ஃபைல் நகரும்.

ரெண்டாவது வேலை, நிலம் இருக்கற பக்கத்துல பாதை தேடறது. விஏஓகிட்ட இல்ல, தாலுகா சர்வே பிரிவுல கிராம வரைபடமும், உங்க சர்வே நம்பர், சுத்தியிருக்கற நம்பர் எல்லாத்துக்கும் எஃப்எம்பி (புல வரைபடம்), எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம்னு எழுதியிருக்கற அ-பதிவேடும் வாங்குங்க. கிராம வரைபடத்துல வண்டிப்பாதையை ரெண்டு புள்ளிக் கோடா போட்டிருப்பாங்க, சில இடத்துல தனி சர்வே நம்பரே இருக்கும், அ-பதிவேட்டுல ‘வண்டிப்பாதை’ இல்ல ‘பாதை’ன்னு பொறம்போக்கா வரும். டெல்டாவுல பாதி வண்டிப்பாதை இன்னிக்கு வயலா இருக்கு, வருஷத்துக்கு ஒரு மம்பட்டி வரப்பை நகத்தி நகத்தி கடைசில பாதையே காணாம போயிடும், ஆனா வரைபடத்துலேந்து அதை யாரும் வெட்ட முடியாது. வாய்க்கால் கரையும் பாருங்க, கரை பொறம்போக்கு அகலமா இருந்து டிராக்டர் போற வழியா இருக்கும். அப்படி ஒரு பாதை இருந்து அதை யாராவது சேர்த்து உழுதுருந்தா, சர்வேயர் வச்சு அளந்து கல் நடச் சொல்லி மனு கொடுங்க, 1905 நில ஆக்கிரமிப்பு சட்டத்துல தாசில்தார் நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம். இதுக்கு வேலி போட்டவர் சம்மதம் தேவையே இல்ல.

பழைய பத்திரத்தையும் எடுங்க, இப்ப இருக்கற பத்திரம் மட்டும் போதாது, தாய் பத்திரம் வரைக்கும் போகணும். நாலு எல்லை எழுதற இடத்துல ‘மாமூல் வழிநடை பாதை பாத்தியம் உள்பட’ன்னு ஒரு வரி வரும், எந்தப் பக்கமா பாதைன்னு சொல்லியிருந்தா அது தங்கம். சும்மா ‘மாமூல் பாதை’ன்னு மட்டும் இருந்தா எதிர்த்தரப்பு அது கேட் வழியா போற பாதைதான்னு சொல்லும்.

வேலி போட்டவர் மேல கேஸ் போடலாமான்னு கேட்டீங்க. போடலாம், ஆனா எந்த அடிப்படைன்னு தெரிஞ்சு போடணும். அவர் நிலமும் உங்க நிலமும் ஒரு காலத்துல ஒரே ஆள் கையில இருந்து பாகப்பிரிவினையிலயோ கிரயத்துலயோ பிரிஞ்சதுன்னா ஈஸ்மெண்ட் சட்டம் 13வது பிரிவுல அவசியப் பாதை கேக்கலாம். இதுல ஒரு சிக்கல் இருக்கு, அதை உங்க வக்கீல்கிட்ட முதல் நாளே பேசிடுங்க. அவசியம்ங்கறது நிலம் பிரிஞ்ச அன்னிக்கே இருந்துருக்கணும். பாகம் பிரிச்ச அன்னிக்கு கேட் திறந்து இருந்துச்சுன்னா அன்னிக்கு வேற வழி இருந்துச்சே, அவசியம் எங்க வந்துச்சுன்னு எதிர்த்தரப்பு கேக்கும், அது பலமான கேள்வி. இருபது வருஷ பயன்பாடும் உங்களுக்கு வராது, கேட் இருந்தவரைக்கும் நீங்க அவர் வயல்ல போகவே இல்லையே. வேற யாருக்காவது அப்படி இருபது வருஷம் நிஜமாவே போன பாதை அடைபட்டுருந்தா அவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அடைச்சதுலேந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வழக்கு போட்டுடணும், பேசித் தீர்த்துக்கலாம்னு மூணு வருஷம் காத்திருந்தா அந்த இருபது வருஷத்தோட பலன் போயிடும்.

சப்வே வந்தப்புறம் வேலி போடற வரைக்கும் அவர் வயல் ஓரமா நீங்க போயிட்டிருந்தீங்கன்னா இன்னொரு வழி இருக்கு. பாதை உபயோகத்துல தகராறு வந்து அமைதி கெடற நிலைமைன்னா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) நிர்வாக நடுவரா விசாரிக்கலாம், முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 147வது பிரிவு, இப்ப 2024 ஜூலையிலேந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் 166. அதுக்கு புகார் அவர்கிட்ட போய்ச் சேர்றதுக்கு முந்தின மூணு மாசத்துக்குள்ள பாதையை பயன்படுத்தியிருக்கணும், பருவத்துக்கு மட்டும் பயன்படற பாதைன்னா கடைசி பருவத்துல பயன்படுத்தியிருந்தா போதும். சம்பா அறுவடைக்கு பெல்ட் மெஷின் அந்த வழியா போச்சுன்னா அந்த வாடகை ரசீது, மெஷின்காரர் வாக்குமூலம் ரெண்டும் சாட்சி. இது உரிமையை நிரந்தரமா முடிவு பண்ணாது, இப்போதைக்கு வழி கிடைக்கும்.

என்னோட கருத்தைக் கேட்டா, வரைபடத்துல பாதை இல்லைன்னு உறுதியாயிட்டா அவர்கிட்ட வயல் ஓரமா பன்னெண்டு அடி அகலத்துக்கு விலை பேசுங்க. அஞ்சாறு வருஷம் முன்சீப் கோர்ட், அப்பீல்னு போற செலவுக்கு இது குறைச்சலாத்தான் வரும். நடுவுல இருக்கற மத்த ரெண்டு பேர் இன்னிக்கு விடறாங்கன்னா அது வெறும் வாய் அனுமதி, சட்டத்துல அது லைசென்ஸ்தான், நாளைக்கு மகன் காலத்துல இல்லன்னா இல்லதான். அதனால மூணு பேர்கிட்டயும் சேர்த்து, ஒண்ணு அந்த துண்டை கிரயமா வாங்கி உட்பிரிவு பண்ணி பட்டா மாத்துங்க, இல்லன்னா பாதை உரிமை பத்திரமா ரிஜிஸ்டர் பண்ணுங்க, எந்தப் பக்கம், எத்தனை அடி, டிராக்டர், அறுவடை மெஷின் போகலாமா எல்லாம் வரைபடத்தோட எழுதுங்க. எழுதிக் கொடுத்த பாதைக்கு இன்னொரு பலமும் இருக்கு. அவசியத்தால வந்த பாதை வேற வழி கிடைச்ச உடனே செத்துடும், கிராண்ட்டா எழுதி வாங்கின பாதை அப்படி சாகாதுன்னு 2006ல சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலயே சொல்லியிருக்கு.

ரயில்வே எல்லைக்குள்ள லைன் ஓரமா சும்மா கிடக்கற இடத்துல போகலாமான்னும் கேட்டிருந்தீங்க. தண்டவாளத் துண்டை நட்டு வெள்ளை அடிச்சு வச்சிருப்பாங்களே, அந்த எல்லைக்கு உள்ள மண் எடுத்த பள்ளமும் கருவேலமுமா ஒரு நீளம் கிடக்கும், அதைத்தான் சொல்றீங்க. அதுக்கு வே லீவ்னு ஒரு அனுமதி உண்டு, டிஆர்எம் (கோட்ட ரயில்வே மேலாளர்) ஆபீஸ்ல விண்ணப்பிச்சு கட்டணம் கட்டணும். கிடைச்சாலும் அது அனுமதிதான், உரிமை இல்ல, நாளைக்கு ரெண்டாவது லைன் போடறோம்னா எடுத்துடுவாங்க. அவசரத்துக்கு முயற்சி பண்ணலாம், அதை நம்பி நிரந்தரமா இருக்க முடியாது.

சப்வேயைப் பத்தி ஒரு வார்த்தை. மனு கொடுக்கும்போது உயரத்தையும் தண்ணியையும் சேர்த்து எழுதுங்க. வைக்கோல் ஏத்தின வண்டி, லாரி மேல வர்ற அறுவடை மெஷின் எதுவும் உயரம் குறைஞ்ச சப்வேயில நுழையாது, அப்ப விவசாயத்துக்கு அது வழியே இல்லைன்னுதான் அர்த்தம், அதை போட்டோவோட காட்டணும். மழைக்காலத்துல தண்ணி நிக்கறது சாதாரண புகார் இல்ல, 2021 செப்டம்பர்ல புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் சப்வேயில தேங்கின தண்ணியில கார் மாட்டி ஒரு பெண் டாக்டர் இறந்தாங்க. எத்தனை நாள் தண்ணி நின்னுச்சு, எவ்ளோ ஆழம்னு தேதியோட போட்டோ எடுத்து வைங்க.

சிவில் கோர்ட்டுக்கு போறதா முடிவாச்சுன்னா ரயில்வேக்கு சிபிசி (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) 80வது பிரிவு நோட்டீஸ் கொடுத்து ரெண்டு மாசம் காத்திருக்கணும், நோட்டீஸ் ஜெனரல் மேனேஜருக்கு, பிரதிவாதி இந்திய யூனியன், ஸ்டேஷன் மாஸ்டர் இல்ல. வேலை நடக்கும்போது தடை வாங்கலாம்னு சிலர் சொல்வாங்க. 2018ல ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தை திருத்தினதுலேந்து ரயில் பாதை, பாலம் மாதிரி கட்டமைப்பு வேலையை தாமதப்படுத்தற இஞ்சங்ஷனை கோர்ட் தரக்கூடாது, அதனால தடைங்கற பேச்சை விட்டுட்டு மாற்றுப் பாதையை மட்டும் கேளுங்க.

இதைப் படிக்கறவங்கள்ல புது லைனுக்கு இப்பதான் நிலம் எடுக்கறாங்கன்னு யாராவது இருந்தா, உங்க நேரம் இப்பதான். ஆட்சேபணை மனுவுலயே, நிலம் ரெண்டா பிரியுது, அந்தப் பக்கத்துக்கு இந்த இடத்துல வழி வேணும்னு சர்வே நம்பரோட எழுதுங்க, நிலம் துண்டாகறதுக்கான நஷ்ட ஈடும் சட்டத்துல தனியா உண்டு. பணம் வாங்கும்போது கையெழுத்து போடற பேப்பர்ல வழி தேவையில்லைன்னு ஒரு வரி இருக்கான்னு படிச்சுட்டு போடுங்க, அந்த ஒரு வரி பேரன் வரைக்கும் வரும். லைன் ஓரமா மனை வாங்கறவங்களுக்கும் அதேதான், ரயில்வே எல்லையிலேந்து 30 மீட்டருக்குள்ள கட்டடம்னா ரயில்வே என்ஓசி வேணும், சப்வே வரப்போகுதுன்னு புரோக்கர் சொன்னா ஜிஏடி நகலைக் காட்டச் சொல்லுங்க.

தம்பி, பாதை கிடைக்கற வரைக்கும் அப்பாவை தண்டவாளத்துல பைக்கை தூக்கி வச்சு தாண்ட விடாதீங்க. மீட்டர் கேஜ் வண்டி வந்த வேகம் வேற, இப்ப வர்ற வேகம் வேற, வளைவுல சத்தம் கேக்கறதுக்குள்ள வந்துடும், உர மூட்டையோட சக்கரம் ஜல்லியில மாட்டினா வண்டியை விட்டுட்டு ஓட மனசு வராது. நாலு மா நிலத்தை ஒரு போகம் தரிசா போட்டாலும் பரவாயில்ல. கிராம வரைபடமும் எஃப்எம்பியும் கையில வந்ததும் அப்பா பேரையும் பட்டா நம்பரையும் மறைச்சுட்டு படமா போடுங்க, வாய்க்கால் எந்தப் பக்கம், சப்வே எந்தப் பக்கம்னு பென்சில்ல குறிச்சு அனுப்புங்க, பாதை எங்க ஒளிஞ்சுருக்குன்னு பார்த்து சொல்றேன்.